முட்டை லாரிக்கு ஸ்பிரிங் பட்டை

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது அதை 1 மில்லிமீட்டர் அமுக்குவதற்கு வேண்டிய எடை. நாமக்கல், சங்ககிரி, சேலம் பட்டறைகளில் லாரிக்குக் கட்டப்படும் பட்டை ஸ்பிரிங்கில் இது நான்கு அளவுகளைப் பொறுத்தது: பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், தடிமன், இரு கண்களுக்கும் இடையிலான நீளம். எண்ணிக்கையும் அகலமும் எந்த விகிதத்தில் கூடுமோ அதே விகிதத்தில் விறைப்பும் கூடும். தடிமனும் நீளமும் அப்படியல்ல; விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேராகவும், நீளத்தின் மும்மடிக்கு எதிராகவும் மாறும். 1,400 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், 13 மி.மீ. தடிமனில் 10 பட்டை கொண்ட கட்டின் விறைப்பு ஏறத்தாழ 36 கிலோ. பதினோராவது பட்டையைச் சேர்த்தால் அது 10 சதவீதம் கூடும். எண்ணிக்கையைத் தொடாமல் எல்லாப் பட்டையையும் 14 மி.மீ. ஆக்கினால் 25 சதவீதம் கூடும். அதாவது 1 மி.மீ. தடிமன் இரண்டரைப் பட்டைக்குச் சமம். பட்டை உடைந்த அவசரத்தில் கையில் கிடைத்த தடிமனைப் போட்டுக் கட்டும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

விறைப்பை மட்டும் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் மேல் உட்காரும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் எடையில் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் வண்டி விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைக்கும். சாதாரணக் காரில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். இறக்கை பொருத்தாத பந்தயக் காரில் 2-ஐ ஒட்டி இருக்கும். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் காருக்கு ஸ்பிரிங் தேர்வது ஒரு வகையில் எளிது. ஓட்டுநரும் சிறிது பெட்ரோலும் போக, முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் எடை ஒன்றுதான். லாரிக்கு அந்த வசதி இல்லை. இரண்டு ஆக்சில் லாரி ஒன்றில், பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை காலியாக இருக்கும்போது 1.7 டன், முழு லோடில் 10 டன் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 36 கிலோ கட்டு காலியில் 24 மி.மீ. மட்டுமே அமுங்கும், ஆட்டம் 3.2. முழு லோடில் 139 மி.மீ. அமுங்கும், ஆட்டம் 1.3. ஒரே ஸ்பிரிங்தான், ஆனால் போகும்போது ஒரு வண்டி, வரும்போது இன்னொரு வண்டி.

நாமக்கல்லின் முட்டை லாரி காலிக்கும் முழு லோடுக்கும் நடுவில் இருக்கிறது. முட்டை இடத்தை அடைக்கும் சரக்கு, எடை குறைவு. ஒரு முட்டைக்கு 55 கிராம் என்று கொண்டால் ஒரு லட்சம் முட்டை ஐந்தரை டன். டிரேயையும் சேர்த்தால் 6 டன்னை நெருங்கும். 2018 ஜூலையில் இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. புது வண்டியோடு வரும் பின்பட்டை அந்த முழு வரம்புக்குக் கணக்கிட்டது. மேலே சொன்ன கட்டையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டால், முட்டை எடையில் ஒரு பகுதியை முன் ஆக்சில் ஏற்பதால், பின் ஸ்பிரிங் 82 மி.மீ. அளவுக்கே அமுங்கும், ஆட்டம் 1.7. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் பிடிப்பு வேறு இருக்கிறது. சிறு மேடுபள்ளத்தில் அந்தப் பிடிப்பை மீறும் அளவுக்கு விசை வராததால் பட்டை அசைவதே இல்லை. அதிர்வு அப்படியே டிரேக்குப் போய்விடும். எண்ணிக்கை கூடக்கூட உரசும் முகங்களும் கூடும். முட்டை உடைவதற்கு ஓட்டுநரைக் கடிந்துகொள்ளும் உரிமையாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்பட்டையின் எண்ணிக்கையைத்தான். உருளையில் அழுத்தி நுனி மெலித்த இரண்டு மூன்று பட்டையால் ஆன பாரபோலிக் ஸ்பிரிங் முட்டைக்குப் பொருந்துவதற்குக் காரணமும் இதுவே: உரசல் குறைவு, எடையும் குறைவு.

திரும்பி வரும் வண்டி கர்நாடகத்திலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்தால் அது முழு லோடு. இங்கேதான் பட்டறையில் அந்தப் பேச்சு நடக்கிறது. "ஏனுங்ணா, மக்காச்சோளம் ஏத்துனா பின்னாடி ரொம்ப அமுங்குதுங்க, ரெண்டு பட்டை சேத்திப் போட்டுருங்க." "அதுக்கென்னங்க, போட்டுடலாமுங்க." ஒரு நாள் வேலையில் முடிந்துவிடும். லாரித் தொழிலில் மிகக் கூடுதலாக விலை கேட்கும் தவறு இது.

முதல் கேடு ஸ்டீயரிங்கில் தெரியும். பின்புறம் உயர்ந்தால் சேஸ் முன்பக்கம் குனிகிறது. முன் ஆக்சிலின் காஸ்டர் கோணம், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. வீல்பேஸ் 5 மீட்டர் உள்ள வண்டியில் பின்புறம் 50 மி.மீ. உயர்ந்தாலே அரை டிகிரிக்கு மேல் போய்விடும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் தளர்கிறது. காலி வண்டி நெடுஞ்சாலையில் அலைகிறது. டை ராடையும் கிங் பின்னையும் மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு.

இரண்டாவது கேடு திருப்பத்தில். வண்டி சாயும்போது அந்தச் சாய்வை முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் தத்தம் விறைப்புக்கேற்பப் பங்குபோட்டுத் தடுக்கின்றன. எந்தப் பக்கம் விறைப்பு அதிகமோ அங்கே உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடையும் அதிகம். அந்த ஆக்சிலின் டயர்கள் முதலில் பிடிமானம் இழக்கும். பந்தயக் காரில் பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வால் சுழன்று வெளியே வருவது இதனால்தான். லாரியில் இன்னொன்றும் சேர்கிறது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்க முன்பக்கம் சாய்வதால் இடையிலுள்ள சேஸ் முறுக்கப்படுகிறது. குறுக்குச் சட்ட ரிவிட்டுகள் தளர்வதும், பாடி கட்டிய இடத்தில் வெல்டிங் விரிவதும் அதன் விளைவு. பாடி கட்டியவர் மீது பழி விழுகிறது. பல சமயம் அது அவருக்குச் சேராத பழி.

மூன்றாவது கேடுதான் உயிருக்கு உலை வைப்பது. லோடு சென்சிங் வால்வு உள்ள வண்டியில், பின் பிரேக்குக்கு எவ்வளவு காற்று விட வேண்டும் என்பதை அந்த வால்வு தீர்மானிக்கிறது. லோடு எவ்வளவு என்பதை அது எடை போட்டு அறிவதில்லை. சேஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே அறிகிறது. பட்டை கூட்டியதும் முழு லோடிலும் அந்த இடைவெளி போதிய அளவு குறைவதில்லை. வால்வின் கணக்கில் வண்டி பாதி காலி. எடை முழுக்கப் பின்னால் இருக்க, பின் பிரேக் பாதி வேலை செய்ய, முன் பிரேக் மட்டும் சூடேறிக்கொண்டே போகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு இல்லை. பட்டை சேர்த்துக் கட்டித் தருபவர் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எல்லாரும் இப்படித்தானுங்க போட்டு ஓட்டறாங்க" என்பது பதிலாகாது.

முழு லோடும் ஏற்ற வேண்டும், முட்டையும் உடையக் கூடாது என்றால் வழி ஹெல்பர் ஸ்பிரிங். மெயின் கட்டு முட்டை லோடுக்கு ஏற்ற மென்மையோடு இருக்கும். மக்காச்சோளம் ஏறி வண்டி அமுங்கியதும் மேலே உள்ள ஹெல்பர் தாங்கியில் மோதிச் சேர்ந்துகொள்ளும். ஹெல்பர் எந்த உயரத்தில் தொட வேண்டும் என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. முட்டை லோடிலேயே தொட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து வெறும் விறைத்த கட்டாகிவிடும். முட்டை ஏற்றி நிறுத்திய வண்டியில் ஹெல்பருக்கும் தாங்கிக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும்.

முன்பட்டைக்கும் ஒரு விதி உண்டு. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி 1930-களில் கார்களில் சோதித்துச் சொன்னது: முன்பக்க ஆட்டம் பின்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் தொடங்கும் ஆட்டம் வேகமாக இருந்தால்தான் முன்னதை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். காலி லாரியில் பின்பக்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் வேகமாக இருப்பதால், முன்பட்டையை விறைப்பாக்கி ஈடுகட்டலாம் என்று தோன்றும். அது கேபினில் இருப்பவரின் முதுகுக்குத்தான் தண்டனை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. துளைபோடும் கருவி நிரந்தரமாக ஏறியிருப்பதால் எடை மாறுவதில்லை. ஒரு முறை சரியாகக் கணக்கிட்டால் போதும். எரிவாயு டேங்கர் நேர்மாறு. திரவம் விரிய இடம் விட்டே நிரப்புவதால் திருப்பத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கும்; எடையும் உயரத்தில் இருக்கிறது. அதன் பட்டையை உரிமையாளரோ உள்ளூர்ப் பட்டறையோ தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது.

மற்றவை வழக்கமான வேலைகள். எடைமேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக, காலியிலும் லோடிலும் எடை போட வேண்டும். தளர்ந்த பட்டையைச் சுத்தியலால் தட்டி வளைவு ஏற்றுவது வீண்; லோடில் இழுபடும் மேல்முகத்துக்குத் தொழிற்சாலையில் ஷாட் பீனிங் செய்து (சிறு எஃகு மணிகளை வீசி அடித்து) தந்த காப்பு அந்த அடியில் கெட்டு, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். இரு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். பட்டை கூட்டினாலும் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடை கூடிவிடாது. சென்டர் போல்ட் உடைவது பெரும்பாலும் யு போல்ட் தளர்ந்ததால். ஆகவே புதுக் கட்டு போட்டதும் லோடு சென்சிங் வால்வைப் புதிய உயரத்துக்கு ஏற்பத் திரும்ப அமைத்து, முதல் லோடு இறக்கியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்கிய பிறகே வண்டியை அடுத்த நடைக்கு அனுப்ப வேண்டும்.