ஐந்தே ஆண்டில் பழுதாகும் திசு வால்வு

கேள்வி: இதயத்தில் வைக்கும் திசு வால்வு பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லித்தான் பொருத்துகிறார்கள். சிலருக்கு நான்கைந்து ஆண்டிலேயே கெட்டுவிடுவது ஏன்? மறுபடியும் நெஞ்சைத் திறப்பது ஆபத்தா?

பதில்: பத்தியம் இருக்கவில்லை, ஓய்வெடுக்கவில்லை என்று வீட்டார் முதலில் நோயாளியைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது அநியாயம். குறை வால்வின் அமைப்பிலேயே இருக்கலாம்.

அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற டிரைஃபெக்டா வால்வில், பதப்படுத்திய மாட்டு இதய உறையை இதழ்களாக்கிச் சட்டத்தின் வெளிப்புறம் பொருத்தியிருந்தார்கள். வழி அகலமாகும், ரத்தம் தாராளமாகப் பாயும் என்பது கணக்கு. ஆனால் சிலருக்கு இதழ் கிழிந்து ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. ஐந்து ஆண்டுக்குள்ளேயே இது பழுதாகக்கூடும் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதே ஆண்டில், அதைத் தயாரித்துவந்த அபாட் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. இதழ்கள் வெளிப்புறம் அமைந்த இன்னொரு வால்வு மிட்ரோஃப்ளோ. அதில் சுண்ணாம்பு படிந்து வழி குறுகியது. 617 பேரைக் கவனித்து 2014-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 39 பேருக்கு முன்கூட்டியே பழுது தெரிந்தது; 19 மி.மீ. போன்ற சிறிய அளவில் தொல்லை அதிகம்.

இளவயதும் சிறுநீரகக் கோளாறும் சுண்ணாம்புப் படிவை விரைவுபடுத்தும்.

மறு அறுவையில் ஆபத்து கூடுதல்தான். முதல் அறுவையின் தழும்பு, இதயத்தை மார்பெலும்போடு ஒட்டவைத்திருக்கும். எலும்பை அறுக்கும்போதே இதயமோ பழைய பைபாஸ் குழாயோ கிழிபடலாம். அதனால்தான் முன்னதாகவே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே பழைய வால்வுக்குள் புதியதைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. ஆனால் வெளிப்புற இதழ்களைப் புது வால்வு பக்கவாட்டில் தள்ளினால், கரோனரி நாளங்களின் வாயை அவை அடைத்துவிடக்கூடும். சீக்கிரம் கெடும் வால்வுக்கே மாற்றுவழியும் கடினமாவது கொடுமை. குழாய் வழியே மாற்றும்போது அறுவைக் குழு அருகிலேயே தயாராக நிற்பது வீண் அல்ல. நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகருக்கு 1997-இல் வைத்த வால்வை 2018-இல் இப்படி மாற்ற முயன்றபோது சிக்கலாகி, அவசரமாக நெஞ்சைத் திறக்க நேர்ந்தது.

திட்டமிட்டுச் செய்யும் மறு அறுவையைவிட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் நிலையில் செய்வது பல மடங்கு கடினம். மூச்சிரைப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கொரு எக்கோ அவசியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வின் பெயரும் அளவும் இல்லையென்றால், அறுவை நடந்த மருத்துவமனையில் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.