அறிவை அறியும் அறிவு

பாடத்தை ஒருமுறை படித்தவுடன் "தெரிந்துவிட்டது" என்று புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகளை இல்லந்தோறும் காண்கிறோம். மறுநாள் தேர்வில் விடை தோன்றாது தவிக்கும்போதுதான், தெரிந்தது வேறு, தெரிந்ததாக எண்ணியது வேறு என்பது அவர்களுக்குப் புலனாகிறது. தன் அறிவின் நிலையைத் தானே நோக்கி உணரும் இத்திறனை அமெரிக்க உளவியலறிஞர் ஜான் பிளாவெல் 1970களில் ஆராய்ந்து தனிப்பெயரிட்டார். நாம் இதனை 'அறிதலை அறிதல்' எனலாம்.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதிஞானத்தின் படிகளை நான்காக வகுத்துள்ளார். அவை அவக்ரஹம், ஈஹா, அவாயம், தாரணை என்பன. இவற்றை அண்மை நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவோம்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், குளத்தில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி கைப்பேசிகளின் வழியே எங்கும் பரவிற்று. நிலவியலாளர் வந்து ஆராய்ந்து, அவை அம்மோனைட் என்னும் கடலுயிரியோடு தொடர்புடைய படிவுகளே என்று தெளிவுபடுத்தினர். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலால் மூடப்பட்டிருந்தது. சுருள் ஓடுடைய அவ்வுயிரிகளின் படிமங்கள் இங்கு இன்றும் கிடைக்கின்றன.

'உருண்டையான ஒரு பொருள்' என்று முதலில் பற்றுவது அவக்ரஹம். 'முட்டையோ, கல்லோ?' என இருபுறமும் ஊசலாடுவது ஐயம். ஐயத்திலேயே நில்லாது, ஓடு உண்டா, உள்ளே இருப்பது யாது, இந்நிலத்தின் இயல்பு என்ன என்று உண்மையை நாடிச் செல்லும் முயற்சி ஈஹா. 'இது படிவே' எனத் துணிவது அவாயம். அத்துணிவை மறவாது நெஞ்சில் நிறுத்துவது தாரணை.

முட்டை என்று பரப்பியவரில் பலர் பொய்யுரைக்கக் கருதியவர் அல்லர். முதற்படியில் நின்றுகொண்டே மூன்றாம் படியை அடைந்துவிட்டதாக எண்ணினர். தாம் நிற்கும் படியைத் தாமே அறியாமைதான் அங்கு நேர்ந்த பிழை.

கல்லை முட்டை என்றதால் கல்லுக்கு யாதொரு கேடும் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றி அரைகுறையாகக் கேட்ட சொல்லை உறுதிபோல் உரைத்தால், நிச்சயித்த திருமணமே நின்றுபோகக் கூடும். சத்திய அணுவிரதம் பூண்ட சிராவகர், "கேட்டேன்", "கண்டேன்", "ஆராய்ந்து தெளிந்தேன்" என்ற மூன்றையும் பிரித்துப் பேசுதல் வேண்டும். கேட்போரும் அதற்கேற்ப அச்சொல்லை எடைபோடுவர்.

கற்றலுக்கும் இதுவே வழி. சுவாத்தியாயத்தின் ஐந்து அங்கங்களைப் பாருங்கள். வாசனை படித்தல், பிருச்சனை ஐயம் வினவல், அனுப்பிரேக்ஷை சிந்தித்தல், ஆம்னாயம் பிழையின்றி மீள ஓதுதல், தர்மோபதேசம் பிறர்க்கு எடுத்துரைத்தல். படித்தலுக்குப் பின் வரும் நான்கும், படித்தது நம்மிடம் உள்ளதா என்று சோதிக்கும் உரைகற்களாகவும் உதவுகின்றன. ஆகவே பிள்ளைகள் பாடம் முடித்ததும் பெற்றோர் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடு" என்று கூறட்டும். எவ்விடத்தில் நா தடுமாறுகிறதோ, அவ்விடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

பயிற்சி வினாக்கள்

1. ஐயத்திற்கும் ஈஹாவிற்கும் உள்ள வேற்றுமை யாது?
2. இன்று நீங்கள் பிறர்க்குச் சொன்ன செய்திகளுள் எவை கேட்டவை, எவை கண்டவை, எவை ஆராய்ந்து தெளிந்தவை?