கண்ணாடித் தட்டில் ஒரு கன்றுக்குட்டி

ஒரு பசு தன் ஆயுளில் எத்தனை கன்றுகள் ஈனும்? வீட்டில் மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஈன்றபின் மீண்டும் சினை பிடிக்கச் சில மாதங்கள். ஆக, ஆண்டுக்கு ஒரு கன்று கிடைத்தாலே பெரிது. எட்டு, பத்துக் கன்றுகளுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் அதே பசு கன்றாகப் பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட சினைமுட்டைகள் இருக்கின்றன! அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பயன்படாமல் அழிந்துபோகின்றன.

பொலிகாளையின் கதை வேறு. அதன் விந்தைத் திரவ நைட்ரஜனில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியசில் உறைய வைத்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குக் கருவூட்டலாம். நல்ல காளையின் குணம் நாடெங்கும் பரவுகிறது. நல்ல பசுவின் குணம் ஒரு தொழுவத்தோடு நின்றுவிடுகிறது. இந்தக் குறையைப் போக்க முயன்றதன் விளைவே உடலுக்கு வெளியே கருவூட்டும் முறை. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் முதல் கன்று பிறந்தது. 'வர்ஜில்' என்று அதற்குப் பெயர். 1990இல் நம் நாட்டில், கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் உலகின் முதல் சோதனைக்குழாய் எருமைக்கன்று பிறந்தது. 'பிரதம்' என்று அதற்குப் பொருத்தமாகவே பெயரிட்டார்கள்.

உயிருள்ள பசுவிலிருந்து முட்டையை எப்படி எடுப்பது? இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. பசுவின் பிறப்புறுப்பு வழியே மீயொலிக் கருவியின் முனையைச் செலுத்துகிறார்கள். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியலைகள் சினைப்பையில் பட்டுத் திரும்புகின்றன. முட்டை உள்ள நுண்பைகள் திரையில் கரிய வட்டங்களாகத் தெரிகின்றன. ஏன் கருமை? உள்ளே இருப்பது நீர்மம். அலை அதில் எதிரொலிக்காமல் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. அந்த வட்டத்தைக் குறி வைத்து நீண்ட ஊசியைச் செலுத்தி, மெல்லிய உறிஞ்சு விசையால் நீர்மத்தோடு முட்டையையும் வெளியே எடுக்கிறார்கள். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான்.

முட்டை முதிர ஒரு நாள் தேவை. வெப்பநிலை பசுவின் உடலில் உள்ளபடியே 38.5 டிகிரி. சுற்றியுள்ள காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு இருக்க வேண்டும். சோடாப் புட்டியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வாயு வெளியேறிப் புளிப்பு குறையும். முட்டை கிடக்கும் ஊட்டக் கரைசலும் அப்படியே: அதிலுள்ள பைகார்பனேட்டிலிருந்து வாயு தப்பிவிட்டால் கரைசல் காரத்தன்மை அடைந்து முட்டை மடியும். முதிர்ந்த முட்டையோடு விந்தணுக்களைச் சேர்த்தபின், ஏழாம் நாள் நூறு செல்கள் அளவில் நீர் நிறைந்த ஒரு நுண்பந்து உருவாகியிருக்கும். ஏழு நாட்களுக்கு முன் சினைப்பருவம் கண்ட வேறொரு பசுவின் கருப்பையில் அதை வைக்கிறார்கள்.

பால்பண்ணைக்குத் தேவை கிடேரிக் கன்றுகள். அதற்கும் வழியுண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிடேரியைத் தரும் எக்ஸ் விந்தணுவில், காளையைத் தரும் ஒய் விந்தணுவைவிட டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் அதிகம். டி.என்.ஏ.வில் ஒட்டும் ஒரு சாயத்தை ஏற்றி, லேசர் ஒளியில் பாய்ச்சினால், எக்ஸ் அணு அந்த 4 சதவீதம் கூடுதலாக ஒளிரும். அணுக்களைத் துளித்துளியாக விழச் செய்து, ஒளிர்வுக்கேற்பத் துளிக்கு நேர் அல்லது எதிர் மின்னூட்டம் கொடுத்து, இரு மின்தகடுகளுக்கிடையே விட்டால் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் விலகும். ஏறக்குறைய 90 சதவீதம் சரியாகப் பிரிந்துவிடுகிறது.

இம்முறையை மிகப் பெரிய அளவில் கையாண்ட நாடுகளில் முதன்மையானது பிரேசில். அங்கே இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளில் பெரும்பாலானவை 'நெலோர்' இனம். ஆம், நம் பக்கத்து நெல்லூர்தான்! ஆந்திரக் கரையிலிருந்து கப்பலேறிய ஓங்கோல் மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. திமில் உள்ள இம்மாடுகள் ஐரோப்பிய மாடுகளைவிட அதிக முட்டைகளைத் தருவது அங்குள்ளவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இதில் சங்கடங்களும் உண்டு. வெளியே வளர்ந்த கருக்களில் சில, அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகளாகின்றன. தாய்க்கு ஈனுவதே ஆபத்தாகிறது. இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஒரு வட்டாரத்துக் கன்றுகளெல்லாம் நாலைந்து பசுக்களின் வழி வந்தவையானால், அவற்றில் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். பால் குறைவாகக் கறந்தாலும் வெயிலையும் உண்ணியையும் தாங்கும் பசுவைக் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பசுவிடமிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை 15 முட்டைகள் எடுப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு 30 கருவாகும்; வைத்த கருக்களில் நூற்றுக்கு 40 சினையாகும். ஆண்டுக்கு எத்தனை சினைகள்? விடை கண்டபின், அத்தனை கருக்களையும் ஆளுக்கு ஒன்றாகச் சுமக்க எத்தனை பசுக்கள் வேண்டும், அவற்றுக்கு ஓராண்டுத் தீவனச் செலவு எவ்வளவு என்பதையும் உங்கள் ஊர் விலையில் கணக்கிடுங்கள்.