‘நான் வெளுப்பு’ என்பதும் அறியாமையே

செம்பூரிலோ தாராவியிலோ வளரும் ஒரு தமிழ்ச் சிறுமியை மனத்தில் கொள்வோம். பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் அவளுக்கு இட்ட பெயர் ‘காலி’. கருப்பி என்பதே அதன் பொருள். சொல்பவர்கள் பகையோடு சொல்வதில்லை, விளையாட்டாகவே சொல்கிறார்கள். கேட்பவளுக்கு அது விளையாட்டாக இருப்பதில்லை. அழுதுகொண்டு வீடு திரும்பும் அவளுக்கு மூன்று ஆறுதல்கள் கிடைக்கின்றன. தாய் கடலை மாவையும் தயிரையும் குழைத்து எடுத்து வருகிறாள். பாட்டி, வெயிலில் ஆடியதால் வந்த வினை என்கிறாள். ஆன்மிக நாட்டமுள்ள பெரியப்பாவோ, “நீ இந்த உடம்பு இல்லையம்மா, ஆத்மா. ஆத்மாவுக்கு நிறம் ஏது?” என்கிறார்.

முதல் இருவரும் ஏளனம் செய்த பிள்ளைகளின் கட்சியையே ஆதரித்துவிட்டார்கள். கருமை ஒரு குறை, அதை நீக்கவேண்டும் என்பதில் அவர்களுக்கும் அப்பிள்ளைகளுக்கும் வேற்றுமை இல்லை. பெரியப்பா கூறியதோ பரம சத்தியம். ஆயினும் குழந்தையின் அழுகை நிற்கவில்லை. உயர்ந்த உண்மை ஒன்று உரிய இடத்தில் பயன் தராமற்போனால், அது உரிய ஆளிடம் சொல்லப்பட்டதா என்று பார்ப்பது தகும்.

ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முன்னுரையில் அத்யாசத்தை விளக்குகிறார். ஒன்றின் இயல்பை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பதே அத்யாசம். உடலின் இயல்புகளை ஆத்மாவின்மேல் ஏற்றிப் பேசும் உலக வழக்குக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகள் எளியவை: பருத்தவன், இளைத்தவன், வெளுத்த மேனியன், நிற்பவன், நடப்பவன் என்று மனிதன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். இப்பட்டியலை விரைந்து படித்துச் செல்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. நிறத்துக்கு உதாரணம் தேடிய ஆசாரியர் கருமையை எடுக்கவில்லை, வெண்மையை எடுத்தார். ‘நான் வெளுப்பு’ என்று பெருமையுறுபவனே அங்கு அறியாமைக்குச் சான்றாக நிற்கிறான். இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் படிக்கும் சாதகனுக்கு இதன் பயன் பெரிது. ‘நான் கருப்பு’ என்று குன்றுவது எந்த வேரிலிருந்து முளைத்ததோ, அதே வேரிலிருந்துதான் ‘நான் சிவப்பு’ என்று நிமிர்வதும் முளைத்தது. குன்றுபவனுக்கு மட்டும் வேதாந்தம் உபதேசித்துவிட்டு நிமிர்பவனை விட்டுவிடுவது பாதி வைத்தியம்.

மும்பைத் தமிழர்க்கு இப்பாடம் புத்தகத்தோடு நிற்பதில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மக்கள் தாராவிக்கு வந்து சேர்ந்தனர். எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்தோர் மாதுங்காவில் குடியேறினர். அங்கு 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர் செம்பூரும் தமிழர் வாழும் பகுதியாக விரிந்தது. 1966-இல் சிவசேனை தொடங்கப்பட்டபின் சில ஆண்டுகள் தென்னிந்தியருக்கு எதிரான பிரசாரம் இந்நகரில் வலுத்தது. வேலைவாய்ப்புப் பற்றிய மனக்குறையே அதன் தொடக்கம். ஆனால் தெருவில் இறங்கியபோது அது உடையையும் பேச்சையும் பற்றிய ஏளனமாயிற்று. லுங்கி நகைப்புக்குரியதாயிற்று, ‘மதராசி’ என்பது வசைச் சொல்லாயிற்று. உடுப்பி உணவகங்களும் தாக்கப்பட்டன. சென்னையைக் கண்ணாலும் காணாத கன்னடரும் மலையாளியரும் மதராசிகள் ஆயினர். ஒருவரைத் தொலைவிலேயே மதராசி என்று தீர்மானிக்க உடையும் நிறமும் போதுமாயிருந்தன.

அடிபட்டவர் அடிபட்டவரோடு சேர்வதுதானே இயல்பு? எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் இடையே மத்திய ரயில்வேயின் தண்டவாளங்களே உள்ளன. ஆனால் ‘நாங்கள் அந்தத் தாராவிக்காரர்கள் அல்லர்’ என்னும் சொல் அத்தண்டவாளங்களைவிட அகலமானது. அதில் நிறத்தோடு சாதியும் தொழிலும் மறைந்து நிற்கின்றன. வடக்கத்தியான் தன்னைக் கருப்பன் என்றால் புண்படும் மனம், தன்னினும் கருத்தவனைக் கண்டதும் அதே சொல்லை அவனிடம் தள்ளிவிட்டு ஆறுதல் கொள்கிறது.

இந்தத் தள்ளிவிடும் வழி எதிரில் திறந்து கிடந்தும் அதில் கால் வைக்காதவர் சுவாமி விவேகானந்தர். 1893 மே 31-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சிகாகோவில் கிடைத்த கரவொலியைப் பலரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்தவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1894 அக்டோபரில் பால்டிமோர் நகரில் விடுதிகள் சில அவர் நிறம் கருதி இடம் மறுத்தன. தென் மாநிலங்களில் அவரைக் கருப்பின மனிதர் என்று கருதி முடி திருத்தும் கடைகளிலும் நுழைய விடவில்லை. ‘நான் கருப்பினத்தவன் அல்லன், இந்தியாவிலிருந்து வந்த இந்து’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சில கதவுகளாவது திறந்திருக்கும். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பின்னாளில் மேலைநாட்டுச் சீடர் ஒருவர் காரணம் கேட்டபோது, பிறரைக் கீழாக்கி அதனால் தாம் உயர்வதா, அதற்காகத் தாம் பிறக்கவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார். கருப்பினச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், தம் இனத்தில் இப்படி ஒரு பெரியவர் தோன்றினாரே என மகிழ்ந்து கைகுலுக்க வந்தபோது, சுவாமிகள் அவரைத் திருத்தவில்லை. சகோதரனாகவே ஏற்றுக் கை கொடுத்தார்.

அதே 1893-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டவர் காந்தியடிகள். ஜூன் 7-ஆம் நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். ஆனால் அங்கு முதல் ஆண்டுகளில், டர்பன் அஞ்சலகத்தில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் ஒரே வாயில் இருந்ததை அவரும் உடன் இருந்தோரும் இழிவாகவே கருதினர். இந்தியருக்கென மூன்றாவது வாயில் ஒன்றைக் கேட்டுப் பெற்றனர். பின்னர் அவர் அம்மனநிலையைக் கடந்து வெகுதூரம் சென்றார். மகானுக்கும் ஒரு காலத்தில் இடறிய படி இது என்று அறிந்தால், சாதாரண சாதகன் தன் கால்களைக் கவனித்து வைப்பான்.

பெரியப்பாவின் உபதேசத்துக்கு இனித் திரும்பலாம். ‘நீ உடல் அல்ல’ என்பது முதலில் யாருக்குச் சொல்லவேண்டியது? மனீஷா பஞ்சகம் தோன்றிய வரலாறு இதற்கு விடை தருகிறது. காசியில் கங்கைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட சண்டாளரை விலகிப் போகுமாறு சங்கரர் கூறினார் என்றும், விலகவேண்டியது அன்னத்தாலான இந்த உடலா, எங்கும் நிறைந்த சைதன்யமா என்று அவர் திருப்பிக் கேட்டார் என்றும் மரபு கூறும். இரண்டு உடல்களும் அன்னமயமே, சைதன்யமோ இரண்டில்லை. ஆகவே விலகுவதற்கு யாரும் இல்லை. சங்கரர் வணங்கி ஐந்து சுலோகங்கள் பாடினார். இவ்வரலாற்றில், விலகச் சொல்லப்பட்டவருக்கு யாரும் ஆத்ம உபதேசம் செய்யவில்லை. விலகச் சொன்னவரே பாடம் பெற்றார். ஏளனத்துக்கு ஆளான குழந்தையிடம் சென்று ‘நீ உடல் அல்ல’ என்பவர் இக்காட்சியைத் தலைகீழாக்குகிறார். அவள் முதலில் கேட்கவேண்டியது, ‘உன்னிடம் குறை எதுவும் இல்லை’ என்ற சொல். நித்திய அநித்திய விவேகம் அதற்குப் பின் வரட்டும்.

குறை இல்லை என்பது வெறும் சமாதானமும் அன்று. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒன்றே. நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயில் மிகுந்த நிலத்தில் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காப்பது இந்நிறமிதான். உடலின் பெரும்பகுதியில் மேல்தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் அடங்கும் வேற்றுமையை வைத்து ஒரு வாழ்க்கை எடை போடப்படுகிறது!

தமிழ் மரபும் இந்த எடைக்கல்லைத் தந்ததாகத் தெரியவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை எனப்படும், மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறம் அது. பிரிவால் அவள் நிறம் வெளிறுவதைப் பசலை என்றனர். அது அழகு அன்று, நோய். அதற்காகவே திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் உண்டு. முல்லை நிலத்துத் தெய்வமான மாயோன் என்னும் பெயருக்கே கரியவன் என்று பொருள். மராத்தியர் நெஞ்சில் வீற்றிருக்கும் பண்டரிபுரத்து விட்டலனும் கரியவனே. அவனைச் ‘சாவளா’ என்று உருகி அழைக்கும் அடியார் கூட்டம், ஆஷாட ஏகாதசியன்று மாதுங்காவை அடுத்த வடாலா கோயிலிலும் நிரம்பி வழிகிறது. கண்ணனை மட்டும் நாட்காட்டி ஓவியர்கள் நீலமாக்கிவிட்டார்கள். கருமையாகவே தீட்டினால் விற்காது என்று அஞ்சினார்களோ என்னவோ.

அந்த அச்சத்தை நம்பியே ஒரு வணிகமும் வளர்ந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருத்த மேனியர் தாழ்ந்தவர் என்ற பொருள்படும் விளம்பரங்கள் கூடாது என விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020-இல் களிம்பின் பெயர் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாறியது. அதே ஆண்டில் ஷாதி டாட் காம் திருமணத் தளமும் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. பெயரும் வசதியும் போயின, எதிர்பார்ப்பு மட்டும் வீடுகளில் இருக்கிறது.

பயிற்சியாக ஒன்று செய்யலாம். ஒரு வாரம், வீட்டில் நிறத்தைக் குறித்து எழும் சொற்களை மட்டும் கவனித்து வரவேண்டும். பிறந்த குழந்தையைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி, மருமகளைப் பற்றிய அறிமுகம், வேலை செய்ய வரும் பெண்ணுக்கு இட்ட அடைமொழி ஆகிய எல்லாம் கணக்கில் சேரும். ஒவ்வொன்றிலும் யாருடைய ‘நான்’ நிமிர்கிறது, யாருடையது குன்றுகிறது என்று பார்க்கவேண்டும். மற்றவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது எளிது, தன் சொல்லைப் பிடிப்பதே கடினம்.

பெரியப்பாவின் மேசையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மகனுக்குப் பெண் தேடுகிறார். எதிர்பார்ப்பு என்னும் இடத்தில் ‘நல்ல சிவப்பாக’ என்று தம் கையாலேயே எழுதியிருக்கிறார். சிறுமி அடுத்த அறையில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார்.