வாக்கும் மனச்சாட்சியும்

வாக்குச் சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னே நிற்கும்போது நம்முடன் தந்தை இல்லை, கணவன் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனச்சாட்சியை மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் ஆலயமாகக் காண்கிறது. வாக்களிப்பதை உரிமை என்றும் கடமை என்றும் கூறும் அதே ஏடு, இன்ன கட்சிக்கு என்று கூறவில்லை.

அப்படியானால் மனம் போன போக்கில் வாக்களிக்கலாமோ? அன்று. மனச்சாட்சிக்கும் பயிற்சி வேண்டும். வேட்பாளர் ஏழையின் கூலியைப் பற்றி என்ன செய்தார், சாதிப் பகையைத் தூண்டினாரா என்று விசாரித்தறிவதே அப்பயிற்சி. 'நம் கோவில்காரர்' என்பது போதிய காரணமாகாது. மதத்தின் பெயரால் வேட்பாளர் வாக்குக் கேட்பதை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே முறைகேடு என்கிறது.

இனி, பணம். பணப் பட்டுவாடா புகாரால் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, பிறகு ஆகஸ்டில் நடந்ததை நாம் அறிவோம். இதில் பெண்களைக் கலங்க வைக்கும் கேள்வி ஒன்றுண்டு: "வாங்கிவிட்டோம், கையில் அடித்துச் சத்தியமும் செய்துவிட்டோம், மாற்றிப் போட்டால் பாவமன்றோ?" ஏரோதை நினைத்துப் பார்ப்போம். விருந்தினர் முன் இட்ட ஆணையைக் காப்பதற்காக அவன் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். ஆணையைக் காத்தான் என்று அவனை யாரும் புகழவில்லை. தீமை செய்வதாகக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டாது என்பதே திருச்சபையின் பழைய போதனை. கைநீட்டி வாங்கியது ஒரு குற்றம். அதற்காக வாக்கை விற்பது இன்னொரு குற்றம். முன்னதற்குப் பின்னது பரிகாரமாகாது.

வீட்டுப் பெரியவர்கள் ஒரு சின்னத்தைச் சுட்டிக் காட்டினால்? அவர்களது அனுபவத்தைக் கேட்க வேண்டும். நான்காம் கற்பனை அதைக் கோருகிறது. ஆனால் பொத்தானை அழுத்துவது நம் விரல். யாருக்கு வாக்களித்தோம் என்று எவரிடமும் கூறும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆகவே வீட்டில் சண்டையும் வேண்டியதில்லை!

எவருமே தகுதியற்றவராகத் தோன்றினால், குறைந்த தீங்கு செய்பவரைத் தேடலாம். அல்லது 2013 முதல் உள்ள நோட்டாவை அழுத்தலாம். வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் நமக்குச் சரியாகப் படவில்லை.

மேல்வகுப்பு மாணவியர் கவனிக்க: 17 வயது நிரம்பியவுடனேயே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். 18 நிறையும்போது பெயர் பட்டியலில் சேரும்.