பெருநாளும் சொல்லுறவும்

பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் வித்துரா. அதனை அடுத்த செற்றச்சலில் ஜவகர் நவோதயா பள்ளி அமைந்துள்ளது. நவோதயா பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பினருள் 30 விழுக்காட்டினர் வேறு மொழி வழங்கும் மாநிலத்திற்குச் சென்று ஓராண்டு பயில வேண்டும் என்பது திட்டம். இந்தி மாநில மாணவர் கேரளத்திற்கு வருவர். இங்குள்ளோர் அங்குச் செல்வர்.

அவ்வாறு வரும் இசுலாமிய மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டில் 'ரோசா', 'ஈத்' என்பர். இங்கோ 'நோம்பு', 'செறிய பெருந்நாள்' என்பர். வழிபாடு ஒன்றே, சொற்களோ புதியவை. பிறை தெரிந்த செய்தியை அனைவரும் மகிழ்ந்து பேசுகையில், சொல் விளங்காதவர் கூட்டத்தின் நடுவிலும் தனித்து நிற்பார்.

தமிழ்ப் பிள்ளைகளாகிய உங்களுக்கு அச்சொற்கள் அயலார் அல்லர். நம் 'நோன்பு' மலையாளத்தில் 'நோம்பு' ஆயிற்று; 'பெருநாள்' 'பெருந்நாள்' ஆயிற்று. ஆயினும் ஒலி ஒத்த சொற்கள் யாவும் பொருளால் ஒத்தவை அல்ல. பண்டைத் தமிழில் துறவியர் உறைவிடம் 'பள்ளி' எனப்பட்டது. இன்று தமிழர் கல்விக்கூடத்தைப் பள்ளி என்பர். மலையாளிகள் மசூதியையும் தேவாலயத்தையும் பள்ளி என்பர். திருவனந்தபுரம் பாளையத்தில் மசூதியும் தேவாலயமும் கணபதி கோயிலும் அருகருகே உள்ளன. அங்கே "பள்ளி எங்கே?" என வினவினால், "எந்தப் பள்ளி?" என்ற மறுவினா எழக்கூடும்.

சொல் விளங்குமுன் செயல் விளங்கும். நோன்பு துறக்கும் வேளையில் தென்கேரளப் பள்ளிவாசல்கள் பலவற்றிலும், தமிழகத்தைப் போலவே, கஞ்சி வழங்குவர். 'கஞ்சி' என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. பெருநாள் தொழுகைக்கு முன்பே வறியோர்க்குத் தானியம் அளிப்பது கடமை. அது 'ஃபித்ரா' எனப்படும். அந்நாளில் நோன்பு நோற்றலும் ஆகாது. ஆகவே, பெருநாளன்று ஒருவரும் பசித்திருத்தல் கூடாது என்பதே அதன் கருத்து.

உங்கள் வகுப்பில் வேற்றுமொழி மாணவர் இருப்பின், அவருடைய பண்டிகைச் சொல்லை முதலில் கேளுங்கள். பின்னர் உங்கள் சொல்லைக் கூறுங்கள். சொல் தெரிந்த இடத்தில் எவரும் விருந்தினராக மட்டும் இரார்.

பயிற்சி
1. 'பள்ளி' என்னும் சொல் இரு மொழிகளிலும் குறிக்கும் பொருள்களை எழுதுக.
2. ஃபித்ரா ஏன் தொழுகைக்கு முன்பே அளிக்கப்படுகிறது? உம் கருத்தைக் கூறுக.
3. உம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் வழங்கும் பண்டிகைச் சொற்கள் ஐந்தினை ஒப்பிட்டு எழுதுக.