சுமையும் சட்டகமும்

பொறியியற் கல்லூரி மாணவர் தாமே ஒரு சிற்றூர்தியை வரைந்து, அமைத்து, கல்லும் சேறும் மேடும் பள்ளமும் நிறைந்த நிலத்தில் ஓட்டிப் போட்டியிடும் வழக்கம் ஒன்று உண்டு. ‘பாஹா’ எனப்படும் இப்போட்டி 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. இந்தியாவில் 2007 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஊர்தியை ஓட்டுபவரும் ஒரு மாணவரே. ஆதலின் சட்டகம் முறிந்தால் கேடுறுவது எஃகு மட்டுமன்று.

நிற்கும் ஊர்தியின் சுமை வேறு. பாயும் ஊர்தியின் சுமை வேறு. ஓட்டுநரோடு 250 கிலோகிராம் நிறையுள்ள ஊர்தி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்க. சக்கரங்கள் நிலத்தைத் தொட்டபின் சுருள்வில்கள் 25 சென்டிமீட்டர் அமுங்கி அதனை நிறுத்துமாயின், எடையைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு விசை சட்டகத்தைத் தாக்கும். 10 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டால் அது 11 மடங்காகும். திண்ணையிலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்குவதும் இவ்வடியைத் தணித்தற்கே.

கனத்த குழாய்களை அமைத்தால் போதாதோ எனின், போதாது. எடை கூடினால் விழும்போது எழும் விசையும் கூடும். 25 மில்லிமீட்டர் குறுக்களவும் 3 மில்லிமீட்டர் சுவர்த்தடிப்பும் உடைய எஃகுக் குழாயினும், 30 மில்லிமீட்டர் குறுக்களவும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய குழாய் ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்தது. வளையாது நிற்கும் விறைப்பிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்தது. நடுவினின்று விலகி நிற்கும் எஃகே வளைவை மிகுதியாகத் தடுக்கும். மூங்கில் உள்ளீடற்று விளங்கும் நுட்பமும் இதுவே. ஆயினும் சுவர் மிக மெலிந்தால் நசுங்கும். அதற்கும் போட்டி விதிகள் எல்லை வகுத்துள்ளன.

குழாய்களை இணைக்கும் முறையும் இன்றியமையாதது. நான்கு கோல்களை மூலைகளில் ஆணியால் பிணைத்துத் தள்ளினால் அவை சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கோல் இட்டால் இரண்டு முக்கோணங்களாகி, உருக்குலையாது நிற்கும். ஆதலின் சுருள்வில் பொருந்தும் இடம் ஒரு குழாயின் நடுவில் அமையாது, பல குழாய்கள் கூடும் கணுவில் அமைதல் வேண்டும். அங்கு விழும் சுமை பல வழியாகப் பிரிந்து செல்லும்.

இக்காலத்தில் கணிப்பொறி, சட்டகத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, எங்கே அழுத்தம் மிகும் என்பதை வண்ணங்களால் காட்டுகிறது. ஆயினும் எவ்விசை எங்கே தாக்கும் என்பதை மாணவரே அதற்குக் கூறுதல் வேண்டும். 5 மடங்கு என இடவேண்டிய இடத்தில் 1 மடங்கு என இட்டாலும் படம் அழகாகவே தோன்றும். உண்மை பள்ளத்தில்தான் வெளிப்படும். சுமையை முன்னரே சரிவர எண்ணிப் பார்த்தலே, ஊர்தியில் அமரும் தோழருக்குச் செய்யும் முதற் காவலாகும்.